முதலுதவிப் பெட்டிக்கு எதுக்குய்யா பூட்டு?

எங்கள் சொசைட்டியின் போன நிதியாண்டுக் கணக்கு அறிக்கை மேஜை மேல் கிடக்கிறது. 34 பக்கம். தோட்டத்துக்கு அலங்கார விளக்கு, கணபதிப் பந்தல், லிஃப்ட் பராமரிப்பு, கிளப் ஹவுஸ் சோஃபாவுக்குப் புது உறை என்று வரிசையாகப் போகிறது. நீச்சல் குளத்துக்கான பக்கத்தில் குளோரின், மோட்டார், டைல்ஸ் எல்லாம் தாண்டிக் கடைசி வரி: "முதலுதவிப் பெட்டி, பூட்டுடன் – 1". விலை 1,150 ரூபாய்.

அந்த "பூட்டுடன்" என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது புனேயில், ஹிஞ்சவடிக்குப் பக்கத்தில். ஐ.டி. வேலைக்கு என்று வந்து அப்படியே தங்கிவிட்ட கூட்டம். ஏழு டவர், ஒரு குளம். தமிழ்க் குடும்பங்கள் மட்டும் பதினெட்டு. ஏப்ரல் பிறந்தால் ஊரிலிருந்து தாத்தா பாட்டிகள் வந்து இறங்குவார்கள். அப்பாவும் அம்மாவும் ஆபீசில். பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப் போவது தாத்தாதான். அவருக்கு நீச்சல் நன்றாகவே தெரியும், தாமிரபரணியிலோ தோட்டத்துக் கிணற்றிலோ கற்றிருப்பார். ஆனால் எழுபது வயது, முழங்கால் வலி, இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவசரத்துக்கு அவர் தமிழில் கத்தினால் அங்கே இருக்கும் பாதிப் பேருக்கு என்னவென்று புரியாது. ஆகையால் குளத்தங்கரையில் நிற்கும் லைஃப் கார்டும், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியும் மற்றவர்களைவிட நம் வீட்டுக்காரர்களுக்கு ஒரு படி அதிகம் தேவை.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? மேனேஜரிடம் சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். பஞ்சு ஒரு உருண்டை. டெட்டால். பேண்ட்-எய்ட் ஒரு அட்டை. தலைவலித் தைலம். காய்ச்சல் மாத்திரை. துருப்பிடிக்கத் தொடங்கிய கத்தரிக்கோல். அப்புறம் பர்னால் இரண்டு ட்யூப்! குளத்தங்கரையில் யார் தோசை வார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. (சமையலறையில் சுட்டுக்கொண்டால்கூட முதலில் செய்ய வேண்டியது பர்னால் தடவுவதோ பேஸ்ட் பூசுவதோ இல்லை, 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுவது. அது வேறு கதை.) பெட்டியின் மூடியில் பெரிதாகச் செஞ்சிலுவை. அந்தச் சின்னத்தைக் கண்டவர்களும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவைதான் முதலுதவிக்கான அடையாளம். ஆக மூடியும் தப்பு, உள்ளே இருப்பதும் தப்பு.

ஏன் தப்பு என்கிறேன் என்றால், பெட்டி என்பது அது இருக்கும் இடத்தில் உயிரை எடுக்கக்கூடியது எதுவோ அதற்கு எதிராக இருக்க வேண்டும். கார் ஒர்க் ஷாப் என்றால் ரத்தப்போக்கு, அங்கே அழுத்திக் கட்டும் கட்டுத்துணி. ஓட்டல் சமையலறை என்றால் தீக்காயம். கடற்கரையாக இருந்தால் அந்தக் கடலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2013-இல் கணபதி கரைக்கும் சமயத்தில் மும்பை கிர்காவ் சௌபாத்தியில் திருக்கை மீன்கள் கொட்டி ஏராளமான பக்தர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பதுதான் வலிக்கு முதல் வைத்தியம். அன்றைக்கு எத்தனை டெட்டால் பாட்டில் இருந்திருந்தாலும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீருக்கு ஈடாகாது.

நீச்சல் குளத்தில் உயிரை எடுப்பது ஒன்றே ஒன்று. மூச்சுக்காற்று இல்லாமை. சிராய்ப்பினால் இதுவரை யாரும் செத்ததில்லை.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களிடம்தான் இப்போது குழப்பம் அதிகம். "வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும்" என்ற வாட்ஸப் வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது பொய் இல்லை. 2008-இல் அமெரிக்க இதய சங்கம் சொன்னதுதான். ஆனால் யாருக்குச் சொன்னது? பேசிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று சாய்கிற பெரியவர்களுக்கு. அவர்களுடைய ரத்தத்தில் அந்த நிமிஷம் வரை சுவாசித்த ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். நெஞ்சை அமுக்கி அதை மூளைக்கு ஓட்டிவிட்டால் சில நிமிஷம் தாக்குப் பிடிக்கலாம். தண்ணீரில் மூழ்கியவரின் கதை நேர் எதிர். முதலில் மூச்சு நிற்கிறது, இருந்த ஆக்சிஜன் தீர்கிறது, அதற்கப்புறம்தான் இதயம் ஓய்கிறது. காலியான தொட்டியில் மோட்டாரைப் போட்டு என்ன பயன்? அதனால்தான் மூழ்கியவர்களுக்கு முதலில் காற்று. ஐரோப்பிய வழிகாட்டுதலில் எடுத்த எடுப்பில் 5 மூச்சு, அமெரிக்க வழிகாட்டுதலில் 2 மூச்சு, பிறகு 30 அமுக்கு, 2 மூச்சு என்று தொடர வேண்டும். 2024-இல் வந்த அமெரிக்க இதய சங்கத்தின் திருத்தமும் மூழ்கியவர்களுக்கு மூச்சு கொடுப்பதை விடவே கூடாது என்றுதான் சொல்கிறது. குழந்தை என்றால் இது இன்னும் முக்கியம். நிமிஷங்கள்தான் கணக்கு. நாலைந்து நிமிஷம் தாண்டினால் உயிர் பிழைத்தாலும் மூளை முழுதாகத் திரும்புமா என்பது சந்தேகம்.

நம் சினிமாக்காரர்கள் செய்த புண்ணியம் தனி. ஹீரோ வயிற்றை இரண்டு அமுக்கு அமுக்குவார், வாயிலிருந்து நீரூற்று மாதிரி தண்ணீர் வரும், ஹீரோயின் கண் விழிப்பார், உடனே டூயட். அசலில் வயிற்றை அமுக்கினால் வருவது இரைப்பையில் இருக்கும் தண்ணீரும் சாப்பாடும். அது மூச்சுக்குழலில் ஏறினால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். தொண்டையில் அடைத்த உணவை வெளியேற்றும் முறைக்குப் பெயர் பெற்ற டாக்டர் ஹைம்லிக்கே மூழ்கியவர்களுக்கும் வயிற்றை அமுக்கலாம் என்று பல வருஷம் வாதாடிப் பார்த்தார். மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாமே போகிற நேரம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மூச்சு கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கே கை நடுங்கும், வாய் போகாது. மூழ்கியவர் வாயில் நுரை இருக்கும், வாந்தி இருக்கும். நம் ஊர்களில் அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு, எச்சில். ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கத் தயங்குகிற சனம் நாம். முன்பின் தெரியாத ஆள் வாயில் எப்படி வைப்போம்? அந்தக் கூச்சத்தை ஒரு நொடியில் தீர்க்கிற பொருள் பாக்கெட் மாஸ்க். கைக்கு அடக்கமான ஒரு சின்ன டப்பா, அதற்குள் மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு பிளாஸ்டிக் மூடி, மேலே ஊதுகிற குழாய், குழாயில் ஒரு வழி வால்வு. நாம் ஊதும் காற்று உள்ளே போகும், அங்கிருந்து எதுவும் நம் வாய்க்கு வராது. அவ்வளவுதான் விஷயம். சில நூறு ரூபாய். அதற்கு அடுத்த படி ஆம்பு பேக், ஆம்புலன்சில் பார்த்திருப்பீர்கள், பந்து மாதிரி அழுத்துகிற பை. நம் குளத்துப் பெட்டியில் குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று இரண்டு அளவு மாஸ்க் இருந்தால் பர்னால், தைலம், பஞ்சு எதுவும் வேண்டாம். அவற்றோடு கையுறை, கட்டுத்துணி, துடைக்க ஒரு துண்டு, போர்த்த ஒரு கம்பளி போதும். தலைகுப்புறக் குதித்துக் கழுத்தில் அடிபடுகிறவர்களுக்குக் கழுத்துப் பட்டை ஒன்றும் இருந்தால் நல்லது.

இது ஏதோ மேல்நாட்டு ஆடம்பரம் என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் சொன்னார். புனேக்காரர்கள் லாங் வீக்கெண்ட் வந்தால் எங்கே ஓடுகிறோம்? கோவாவுக்குத்தானே! 2008-லிருந்து கோவா அரசு ஒரு தனியார் நிறுவனம் மூலம் கடற்கரைகளில் லைஃப் கார்டுகளை நிறுத்தியிருக்கிறது. சிவப்பு-மஞ்சள் கொடி இருக்கும் இடத்துக்குள் குளி, சிவப்புக் கொடி என்றால் இறங்காதே என்று விசில் அடிக்கிறார்களே, அவர்கள்தான். கலங்கூட்டில் ஒரு காவல் கோபுரத்தில் பேச்சுக் கொடுத்துக் கேட்டேன், பையைத் திறந்து காட்டினார். மேலாக, கை போட்டதும் கிடைக்கிற இடத்தில் மாஸ்க். அதற்குப் பூட்டு இல்லை, ஜிப்கூடப் பாதி திறந்துதான் இருந்தது. அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கம் பயிற்சி தரும் லைஃப் கார்டுகள் இன்னும் ஒரு படி மேலே. மாஸ்க்கும் கையுறையும் இடுப்பிலேயே ஒரு சின்னப் பையில் இருக்கும். பெட்டி வரைக்கும் ஓடுகிற நேரம்கூட வீண் என்று நினைக்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? பூட்டுகிறோம். சாவியை மேனேஜர் அறையில் ஆணியில் மாட்டுகிறோம். மேனேஜருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுதான் நடந்தது. ஆறு வயசுப் பையன். மூழ்கும்போது சத்தமே வராது என்பார்கள், உண்மைதான். பத்தடி தள்ளி நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. பார்த்தது லைஃப் கார்டுதான். பீகாரில் கண்டக் ஆற்றங்கரைப் பையன், வயது இருபத்திரண்டு இருக்கும். ஒரே பாய்ச்சலில் போய்த் தூக்கிவந்து கரையில் போட்டான். அதற்கு மேல் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. அவன் பார்த்த சினிமாவும் நம் சினிமா மாதிரிதானே, வயிற்றை அமுக்கத் தொடங்கினான். "பெட்டி, பெட்டி" என்று யாரோ கத்த, இரண்டு பேர் பூட்டை உலுக்கிக்கொண்டு நின்றார்கள். பி டவரில் இருக்கும் மலையாளி நர்ஸ் அக்கா நைட் டூட்டி முடித்துத் தூங்கப் போனவர், சத்தம் கேட்டு இறங்கி ஓடிவந்து, அவனைத் தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்தி நேராக வாயிலேயே ஊதினார். நாலாவது மூச்சோ ஐந்தாவது மூச்சோ, பையன் இருமி, வாந்தி எடுத்து, அழ ஆரம்பித்தான். அந்த அழுகையை மாதிரி ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அழுகிறானே, சரியாகிவிட்டது என்று விடாமல் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியது அந்த அக்காதான். மூச்சு திரும்பியவர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரல் மோசமாகலாம் என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. என்ன முடிவு எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த பீகார் பையனை "கவனக்குறைவு" என்று வேலையை விட்டு நீக்கினார்கள். குளத்தில் இறங்கித் தூக்கிய ஒரே ஆள் அவன்! கான்ட்ராக்டருக்கு ஒரு மாதப் பணம் பிடித்தம். பழைய பெட்டியின் பூட்டை உலுக்கியதில் கொண்டி வளைந்துவிட்டதாம், அதனால் புதுப் பெட்டி. பூட்டுடன். 1,150 ரூபாய்.

பூட்டு எதற்கு என்று கேட்டேன். "திறந்து வைத்தால் இந்தப் பசங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க சார்" என்று பதில். என்னத்தை? பஞ்சையா? அப்படியே மாதம் ஒரு பேண்ட்-எய்ட் அட்டை காணாமல் போகட்டுமே, என்ன குடி முழுகிவிடும்? நம் வீட்டுக் குழந்தையின் உயிரை ஒருவன் கையில் கொடுப்போம், ஒரு பேண்ட்-எய்ட்டை நம்பிக் கொடுக்க மாட்டோம். இந்தக் கணக்கு எனக்கு எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் சரியாக வரவில்லை. அந்தப் பையனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கான்ட்ராக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள். வேலை என்ன என்று கேட்டால், குளத்தைக் கவனிப்பது, குளோரின் போடுவது, ஃபில்டர் கழுவுவது, டவல் எண்ணுவது, ஷூ போட்டு வருகிறவர்களைத் தடுப்பது. ஃபில்டர் கழுவுகிற நேரத்தில் குளத்தைப் பார்ப்பது யார்? அதற்கு வரி எதுவும் அந்த 34 பக்கத்தில் இல்லை. பயிற்சிக்கும் இல்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45-ஆவது பிரிவில் சொன்னது: 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது வேண்டும், வேலை நேரம் முழுக்கக் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், விதித்த பொருள்களைத் தவிர வேறு எதையும் அதற்குள் வைக்கக் கூடாது, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுக்க அதற்குப் பொறுப்பாக அங்கேயே இருக்க வேண்டும். சுதந்திரம் வாங்கிய அடுத்த வருஷம், மில் தொழிலாளிக்காக எழுதியது. கோடி ரூபாய்க்கு ஃபிளாட் விற்கிற இடத்தில் அந்த அளவுக்குக்கூட யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த சாக்கு, கேஸ். "நாம் எதையாவது செய்யப் போய் எதாவது ஆனால் போலீஸ் நம்மைப் பிடிக்கும், 108-ஐக் கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பதே நல்லது" என்றார் செக்ரெட்டரி. சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ பிரிவும் பாதுகாப்புத் தருகின்றன. அது சாலைக்கு மட்டும்தானே என்று கேட்பார், கேட்டார். குளத்துக்கும் உண்டு. பேச முடியாத நிலையில் இருக்கிற ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவிலேயே இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 30-ஆவது பிரிவு. 108-ஐக் கூப்பிடத்தான் வேண்டும், கட்டாயம் கூப்பிட வேண்டும். 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய அந்தச் சேவை இன்றைக்கு எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஹிஞ்சவடி டிராஃபிக்கை ஒரு தடவையாவது பார்த்தவர்கள் நாலு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வரும் என்று சொல்ல மாட்டார்கள்.

கமிட்டியைத் திட்டியாயிற்று. இனி நம்மவர்கள். இதை எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் போட்டபோது வந்த பதில்களில் பாதி, "வந்த இடத்துல நமக்கு எதுக்குங்க வம்பு", "நாம வாடகைக்குத்தானே இருக்கோம்", "இன்னும் ஒரு வருஷத்துல ஊரோட போயிடுவோம்". அந்த ஒரு வருஷத்தைப் பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறவர்களும் அதில் உண்டு (பெயர் சொல்ல மாட்டேன், பொங்கலுக்குச் சக்கரைப் பொங்கல் வராமல் போய்விடும்). வாடகைக்காரர்களுக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லைதான். பராமரிப்புப் பணம் நம் வாடகையிலிருந்துதானே போகிறது? கடிதம் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க ஓட்டு எதற்கு? ஊரில் இருந்தால் தெருக்குழாயில் தண்ணீர் வராததற்குக் கவுன்சிலரை நடுரோட்டில் நிறுத்திக் கேட்கிறவர்கள்தான் நாம். ரயிலேறியதும் அந்த வாயை எங்கே விட்டுவிட்டு வருகிறோம்?

செப்டம்பருக்குள் பொதுக்குழு கூட்டியாக வேண்டும். மூன்று விஷயத்தைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, குளத்து லைஃப் கார்டு இடுப்பில் பாக்கெட் மாஸ்க், பெட்டியில் இரண்டு அளவு ஆம்பு பேக், பெட்டிக்குப் பூட்டு கிடையாது. இரண்டு, லைஃப் கார்டுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் வருஷம் ஒரு தடவை பொம்மையை வைத்து நேரடிப் பயிற்சி. செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்சிலோ கேட்டால் கிடைக்கும், குடியிருப்பவர்களில் விருப்பப்பட்டவர்களும் சேர்ந்துகொள்ளலாம். தாத்தா பாட்டிகளுக்காகத் தமிழில் ஒரு மணி நேரம் நானே ஏற்பாடு செய்கிறேன், நர்ஸ் அக்கா வர ஒத்துக்கொண்டிருக்கிறார், அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். மூன்றாவது, குளம் திறந்திருக்கும் நேரத்தில் லைஃப் கார்டுக்கு வேறு வேலை தரக் கூடாது. மொத்தச் செலவு தோட்டத்து அலங்கார விளக்குக்கு ஆனதில் கால்வாசிகூட இல்லை, கணக்குப் போட்டுக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

அந்த பீகார் பையன் இப்போது பாணேர் பக்கம் வேறு ஒரு காம்ப்ளெக்ஸில் இருக்கிறான். போன வாரம் போய்ப் பார்த்தேன். ஒரு மாஸ்க் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், எப்படிப் பிடிப்பது என்று நர்ஸ் அக்கா போனில் வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்தார். அங்கேயும் சாவி மேனேஜரிடம்தானாம். அதனால் பெட்டியில் வைக்காமல் விசில் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.